பழைய வீட்டுச் சுவரில் ஓதம்: டைல்ஸ் போட்டால் போகுமா?

[காட்சி: ஓட்டு வீட்டின் ஆசாரம் (கூடம்). சுவரடியில் பூச்சு பொரிந்து கிடக்கிறது.]

இந்தச் சுவரை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பஞ்சு மாதிரி வெள்ளையாக உதிர்கிறது இல்லையா? அது உப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணின் ஈரம் சுவரில் ஏறும்போது உப்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. ஈரம் காய்ந்துவிடும். உப்பு அங்கேயே படிகமாகிப் பூச்சைப் பிதுக்கித் தள்ளும். இப்படிச் சுவரில் ஏறும் ஈரத்தைத்தான் ஓதம் என்கிறோம்.

ஈரோடு மாவட்டத்தில் காலிங்கராயன் வாய்க்கால் கரையோரம், கோபி பக்கம் தடப்பள்ளிப் பாசனம் என்று வயலை ஒட்டிய ஊர்களில் இது அதிகம். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கிணறு ஊறும், சுவரும் கூடவே ஊறும்.

[காட்சி: பழைய மண் தரை, அடுத்து புதுடைல்ஸ்.]

அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் கடைக்காலுக்கு (அஸ்திவாரத்துக்கு) மேல், ஈரம் ஏறாமல் தடுக்கும் ஓதத்தடுப்பு அடுக்கு கிடையாது. ஆனாலும் சாணி மெழுகிய தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஏறிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருந்தன. நாம் தரையைச் சிமெண்ட் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டுகிறோம். போக வழியில்லாத ஈரம் ஓரத்துக்கு நகர்ந்து சுவரில் ஏறுகிறது. சுவர் பொரிந்ததும் அதற்கும் சிமெண்ட் பூச்சு! ஓரடியில் நின்ற ஓதம் அப்புறம் மூன்றடிக்குப் போகிறது. வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தாலும் இதே கதிதான். தயவுசெய்து மூடாதீர்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில்.

[காட்சி: வீட்டின் பின்பக்கம்.]

சலதாரை (கழிவுநீர் போகும் கால்வாய்) விரிசல் விட்டிருக்கிறதா, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா, ஓட்டுத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறதா? முதலில் இவற்றைச் சரிசெய்யுங்கள். தெருவை மேடாக்கி ரோடு போட்டதில் வாசல் தாழ்ந்திருந்தால், மழைத்தண்ணீர் வெளியேறத் தனியாக வாட்டம் வேண்டும்.

ஈரம் மண்ணிலிருந்துதான் வருகிறதா என்று சந்தேகமா? தரையில் பாலிதீன் தாளை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி நின்றால், ஈரம் கீழிருந்து வருகிறது.

அடுத்து சுவர். ஓதக் கோட்டுக்கு (ஈரம் ஏறி நிற்கும் உயரத்துக்கு) ஓரடி மேல்வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கோடை வெயில் முடியும்வரை காயவிடுங்கள். உப்பைக் கழுவக்கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, விழுவதை அள்ளி வெளியே கொட்டுங்கள். அதன்பிறகு சுண்ணாம்புப் பூச்சு. கலவைக்கும் நனைப்பதற்கும் உப்பு போர் தண்ணீர் வேண்டாம், ஆற்றுத் தண்ணீர் பிடித்துவையுங்கள். பூச்சு காய்ந்ததும் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் சுண்ணாம்பே அடியுங்கள்.