பேனரில் 7 புள்ளி, டீமுக்கு 8 புள்ளி

வணக்கம் மக்களே, வாங்க. வேலந்தாவளத்திலிருந்து உங்கள் தையல்காரிதான். குரல் இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் கத்தியதில் பாதி போய்விட்டது, மீதி காலையில் என் வீட்டுக்காரரிடம் போய்விட்டது. அவர் வேட்டிக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

தேதி சொல்லிவிடுகிறேன், நவம்பர் 8, 2024. நேற்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஃபுட்பாலில் நம் கேரளா பிளாஸ்டர்ஸ் ஹைதராபாத்திடம் 2-1 தோற்றது. தொடர்ந்து மூன்றாவது தோல்வி. சொந்த மைதானத்தில்.

திருவோண வீடியோ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செப்டம்பர் 15, முதல் மேட்ச், பஞ்சாப். ஸ்டேடியத்தில் வேலை பார்ப்பவர்களும் ஓணம் கொண்டாட வேண்டும் என்று அன்றைக்குப் பாதி டிக்கெட்தான் விற்றார்கள். 90 நிமிடம் தாண்டி நம் ஸ்ட்ரைக்கர் ஹிமெனெஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார், நான் பாயசக் கிண்ணத்தோடு எழுந்து குதித்தேன், உட்காருவதற்குள் அவர்கள் இன்னொன்று போட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கேமரா முன்னால் பெரிய மனுஷி மாதிரி ஒரு வாக்குக் கொடுத்தேன்: "புது கோச், புது டீம், பத்து மேட்ச் வரைக்கும் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்." கமெண்டில் பாதிப் பேர் அதைத்தான் இப்போது காப்பி செய்து போடுகிறீர்கள். எட்டு மேட்ச் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி. அதனால் நான் இப்போது பேசுவதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விவரம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் பேனர். இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

தீபாவளிக்கு முன்னால் கோயம்புத்தூர் போனபோது மஞ்சள் பாப்ளின் நாலு மீட்டர் எடுத்தேன். மீட்டர் 85 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், கடைக்காரர் அசையவில்லை. "சாயம் போகுமாங்கண்ணா" என்று மூன்று தடவை கேட்டேன். "சத்தியமாகப் போகாதுங்க" என்றார். அப்புறம் பாலக்காட்டில் அதே துணி, அதே ஓரக்கட்டு, மீட்டர் 65. நாலு மீட்டருக்கு 80 ரூபாய் நஷ்டம். பஸ் சார்ஜைச் சேர்க்கவில்லை. துணி வாங்கியே பிழைக்கிற ஒருத்தி இப்படி ஏமாந்தால் மற்றவர்கள் கதி என்ன, சொல்லுங்கள். கஞ்சி போகட்டும் என்று தண்ணீரில் நனைத்தேன். பக்கெட்டின் அடியில் வீட்டுக்காரருடைய கல்யாண வேட்டி ஊறிக்கொண்டிருந்தது. இப்போது அது பிளாஸ்டர்ஸ் வேட்டி.

சரி, அதில் என்ன எழுதினேன்? "அடுத்த மேட்ச் பார்த்துக்கலாம்." நீலத் துணியில் ஒவ்வொரு எழுத்தாக வெட்டி வைத்துத் தைத்தேன். தமிழில்தான். மலையாளத்தில் பேனர் பிடிக்க அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சித்தூர் தாலுக்காவிலிருந்து தமிழ் பேசுகிறவளும் இந்த மஞ்சளுக்குக் கத்துகிறாள் என்று யாராவது காட்ட வேண்டாமா?

நேற்று மதியம் கடையைச் சாத்திவிட்டுக் கொழுந்தனாரோடு பாலக்காடு ஜங்ஷன் போய் ரயில் ஏறினோம். திருச்சூர் தாண்டி பேனரைப் பிரித்துப் பார்க்கிறேன், "மேட்ச" என்று இருக்கிறது. சகரத்துக்குப் புள்ளி இல்லை! ஏழு புள்ளி வர வேண்டிய இடத்தில் ஆறுதான் தைத்திருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தைத்தால் அப்படித்தான். ஊசி நூல் கையில் இல்லை. ஒரு தையல்காரி ஊசி இல்லாமல் ரயில் ஏறியிருக்கிறாள், இதை என் வாடிக்கைக்காரர்கள் பார்க்காமல் இருக்க வேண்டும். எதிர் சீட்டில் இருந்த ஒரு அக்கா கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினார். மெரூன் நிறம். ஒரு பொட்டு தூரத்துக்குத் தெரியாது என்று பதினொன்றை வட்டமாகச் சேர்த்து ஒட்டினேன். மக்களே, ஒன்றுகூட விழவில்லை. நேற்று ராத்திரி கொச்சியில் கடைசிவரை தன் இடத்தை விட்டு நகராத டிஃபென்ஸ் அந்தப் பதினொரு பொட்டுத்தான்.

எர்ணாகுளம் நார்த் ஸ்டேஷனில் இறங்கி டவுன் ஹாலில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்டேடியம். கொழுந்தனார் பேனர் கட்ட பிவிசி பைப் கொண்டுவந்திருந்தார். கேட்டில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான், ஆனால் திரும்பி வரும்போது பைப்பைக் காணவில்லை.

உள்ளே மேட்ச். பதின்மூன்றாம் நிமிடம் ஹிமெனெஸ் கோல். பந்தைக் கொடுத்தது கோரூ சிங், 17 வயதுப் பையன். நாங்கள் உட்கார்ந்த பக்கம் நாற்காலிகள் நிறையக் காலியாகத்தான் கிடந்தன, இருந்தாலும் சத்தத்துக்குக் குறைவில்லை. கிழக்கு கேலரியில் நம் ரசிகர் கூட்டமான மஞ்சப்படையின் கொட்டு நிற்கவே இல்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஹைதராபாத்தின் ஆந்த்ரே ஆல்பா சமன் செய்தார். எழுபதாவது நிமிடம் நம் ஹோர்மிபாமுக்கு ஹேண்ட்பால் கொடுத்து பெனால்ட்டி. அதுவும் ஆல்பா. பந்து கையில் பட்டதா என்று ஊரே அடித்துக்கொள்கிறது. ஐஎஸ்எல்லில் வீடியோ ரெஃப்ரி கிடையாது, ரெஃப்ரி விசில் ஊதினால் ஊதியதுதான். நான் அந்தச் சண்டைக்குப் போகப் போவதில்லை. அந்த பெனால்ட்டி இல்லாவிட்டாலும் 1-1. ஹைதராபாத்தோடு, சொந்த மைதானத்தில், 1-1. அதற்கு என்ன கொண்டாட்டம்?

ஹைதராபாத் யார்? போன சீசனில் 22 மேட்சில் ஒன்றே ஒன்று ஜெயித்துக் கடைசியில் கிடந்த டீம். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் போய், பொடிப் பையன்களை வைத்து ஓட்டினார்கள். இந்த வருஷம் புது முதலாளி, புது ஆட்கள். அவர்களும் முதலிலிருந்து கட்டுகிறவர்கள்தான். நம்மைவிட ஆழமான பள்ளத்திலிருந்து ஏறுகிறவர்கள். அவர்களிடம் தோற்றுவிட்டு "நாங்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னால் நான் என்ன செய்வது?

இதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ப்ளவுஸ் ஆல்டர் செய்யக் கொடுத்தவர்கள் நான் தையலைப் பிரித்துப் போட்ட நேரத்தில் கடைக்கு வந்தால் கத்துவார்கள். கை தனியே கிடக்கும், கழுத்துப் பட்டி தனியே கிடக்கும், பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். நான் சொல்வேன், "அக்கா, நாளைக்கு வாங்க." பிரிக்காமல் ஆல்டர் செய்ய முடியாது. பிளாஸ்டர்ஸையும் இந்த வருஷம் பிரித்துப் போட்டார்கள். மூன்று சீசன் கோச்சாக இருந்த நம் ஆசான், இவான் வுகோமனோவிச், ஏப்ரலில் போனார். போன சீசனில் 13 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கிய டயமன்டகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். ஸ்வீடன்காரர் மிக்கேல் ஸ்டாரே கோச்சாக வந்தார். அதெல்லாம் சரி, பிரித்தாயிற்று. அளவு எடுத்தீர்களா? எட்டு மேட்சில் 16 கோல் வாங்கியிருக்கிறோம். கோல் வாங்காத மேட்ச் ஒன்றுகூட இல்லை. ஒன்றே ஒன்றுகூட! ஹிமெனெஸ் முன்னால் தைத்துக்கொண்டே போகிறார், பின்னால் தையல் விட்டுக்கொண்டே வருகிறது.

சின்னப் பையன்கள் தப்புச் செய்தால் எனக்குக் கோபமே வராது. பெங்களூர் மேட்சில் நம் கீப்பர் சோம் குமார் கையிலிருந்து பந்து நழுவி கோல் ஆனது. 19 வயது. அன்றைக்கு எனக்கு தீபாவளி ப்ளவுஸ் நாற்பதுக்கு மேல் நிலுவை, மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கொழுந்தனார் அந்தப் பையனைத் திட்டியபோது சண்டைக்குப் போனேன். நான் 19 வயதில் தைத்த முதல் சுடிதாரில் கால் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. அந்த அக்கா இன்றைக்கும் என்னிடம்தான் தைக்கிறார்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மும்பை மேட்ச்! அதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு கோல் வாங்கி, இரண்டையும் திருப்பி, 2-2. நம் குவாமே பெப்ரா தலையால் அடித்த கோல், என்ன அழகு. அடித்துவிட்டு ஜெர்சியைக் கழற்றினார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் கார்டு வாங்கியிருக்கிறார், கழற்றினால் இரண்டாவது, வெளியே. போனார். பத்துப் பேரோடு ஆடி 4-2 தோற்றோம், நேற்றும் அவர் இல்லை. ஏனுங்க, தைத்துக் கொடுத்த துணியைப் போட்டுக்கொள்வதற்குத்தானே தைக்கிறோம்? ஜெர்சியைக் கழற்றினால் கார்டு என்பது எங்கள் தெருவில் ரப்பர் பந்து உதைக்கிற வாண்டுகளுக்கும் தெரியும். தோற்பது வேறு, தூக்கிக் கொடுப்பது வேறு. தோற்பதற்கு என்னிடம் பொறுமை எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் இருக்கிறது. தூக்கிக் கொடுப்பதற்கு ஒரு ஜாண்கூடக் கிடையாது.

ஒன்று விட்டுவிட்டேன். ஸ்டேடியத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சேட்டன், அறுபது வயது இருக்கும், பேனரைக் காட்டி "இதெந்தா எழுதியிரிக்குன்னது?" என்றார். படித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. "2014 முதல் ஞங்ஙளும் இது தன்னெயாணு பறயுன்னது" என்றார். பத்து வருஷமாக அவர்களும் இதையேதான் சொல்கிறார்களாம். உண்மைதானே. 2014, 2016, 2022 என்று மூன்று பைனல், மூன்றிலும் தோல்வி. அதில் இரண்டு பெனால்ட்டி ஷூட்டவுட்டில் போனது. ஒரு கோப்பைகூட இல்லை. ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மும்பையின் ரிசர்வ் டீமை 8-0 அடித்தபோது நானும்தான் இந்த வருஷம் நம் வருஷம் என்று வீடியோ போட்டேன். அதைத் தேடிப் போய்ப் பார்க்காதீர்கள்.

கோயம்புத்தூரில் இருக்கிற என் தம்பி 'சென்னையின் எஃப்சி' டீமின் ரசிகன், உங்களுக்குத் தெரியும். ரயிலில் திரும்பி வரும்போதே போன் அடித்துவிட்டான். திட்டுவான் என்று பார்த்தால் ஆறுதல் சொல்கிறான், அது இன்னும் வலித்தது. "அக்கா, 2015இல் நாங்கள் கடைசி இடத்தில் கிடந்தோம், மார்க்கோ மாடெராட்ஸி கோச், அங்கிருந்து எழுந்து கப் அடித்தோம்." அது நிஜம். பைனலில் கோவாவை 3-2 ஜெயித்தார்கள், கடைசி நிமிடத்தில் மெண்டோசா போட்ட கோல். அந்த வருஷம் மழை வெள்ளத்தால் செமி பைனலைச் சென்னையில் நடத்த முடியாமல் புனேயில் ஆடினார்கள். அதே வருஷம் பிளாஸ்டர்ஸ் எத்தனாவது என்று தம்பி சொல்லவில்லை. நானே சொல்கிறேன். கடைசி.

நம்மிடமும் அப்படி ஒரு கதை உண்டு. 2021இல் ஆசான் வந்த முதல் மேட்சிலேயே மோகன் பகானிடம் 4-2 அடி வாங்கினோம். அதற்கப்புறம் பத்து மேட்ச் தொடர்ந்து தோற்கவில்லை, பைனல்வரை போனோம். ஆனால் அன்றைக்கு ஒரு அடி வாங்கியதும் மறுநாளே டிஃபென்ஸை அடைத்தார்கள். இப்போது எட்டாவது மேட்சிலும் அதே ஓட்டை அதே இடத்தில் இருக்கிறது. 8 மேட்ச், 8 புள்ளி. என் பேனரில் ஏழு புள்ளி.

பாலக்காட்டில் இறங்கும்போது ராத்திரி இரண்டரை. கொழுந்தனார் பைக்கில் பின் டயர் பஞ்சர். ஸ்டேஷன் வாசலில் டீ குடித்து விடியும்வரை உட்கார்ந்தோம், முதல் பஸ்ஸில் நான் மட்டும் வந்தேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார், பைக் இன்னும் வரவில்லை. மாமியார் கதவைத் திறந்து "ஜெயிச்சாங்களா" என்றார். நான் பேசாமல் உள்ளே போனேன். "காபி வேணுமா" என்றார். பதினைந்து வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட மிக நல்ல கேள்வி அது.

பத்து மேட்ச் வாக்கு அப்படியே இருக்கிறது. 24ஆம் தேதி ஞாயிறு, 28ஆம் தேதி கோவா, இரண்டும் கொச்சியில்தான். நடுவில் இரண்டு வாரம் லீவு, யாராவது அளவு டேப்பை எடுக்கட்டும். 24க்கு மறுபடி போகிறேன். அன்றைக்கு யாரோடு தெரியுமா? சென்னையினோடு. தம்பியும் நீல ஜெர்சியோடு வருகிறான்.

இப்போது பாருங்கள் என் சிக்கலை. இத்தனை நாளில் என் பேனரை எதிர் டீம்காரர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் போகிற ஒரே மேட்ச் இதுதான். அதில் "அடுத்த மேட்ச் பார்த்துக்கலாம்" என்று இருந்தால் தம்பி ஆயுசுக்கும் விடமாட்டான். அதனால் அ, டு, த் மூன்றையும் பிரித்துக்கொண்டிருக்கிறேன், இதோ, கேமராவில் தெரிகிறதா? கடைசித் தகரம் அப்படியே இருக்கட்டும். முன்னால் இ, ந் இரண்டு மட்டும் வெட்டினால் "இந்த" ஆகிவிடும். பிரித்த த் மேலிருந்த புள்ளியை ந் மேல் வைத்துக்கொள்ளலாம். இகரம் வெட்டுவதுதான் பெரிய பாடு, சுழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நீலத் துணி ஒரு முழம்தான் மிச்சம், இரண்டு தடவை தப்பாக வெட்டியாயிற்று. சகரத்தின் மெரூன் பொட்டை மட்டும் மாற்றப் போவதில்லை.