கண்ணீரும் ஒற்றைக் கமெராவும்

சபையோருக்கு வணக்கம்.

தொலைக்காட்சியில் வேலைசெய்யும் பெண்ணைப் பற்றிய பகிடிப்படம் என்றதும் செய்தி வாசிப்பவரின் சேலைதான் பலருக்கு நினைவில் வரும். 1987இல் ஜேம்ஸ் எல். புறூக்ஸ் எடுத்த 'புறோட்காஸ்ட் நியூஸ்' கமெராவுக்குப் பின்னால் நிற்கிறவளைப் பிடித்தது. ஹோலி ஹன்ரர் நடித்த ஜேன், செய்தித் தயாரிப்பாளர். தொலைபேசியைக் கழற்றிவிட்டு, கொஞ்சநேரம் விம்மி அழுதுவிட்டு, வேலையைப் பார்ப்பாள். அழுகைக்கும் நேர அட்டவணை போட்டிருக்கிறாளே, சிரிப்பு அங்கேதான்.

செய்தி போகச் சில நிமிடங்களே இருக்க, இன்னொரு படத்தைச் சேர்க்கச் சொல்கிறாள். கணினியில் வெட்டி ஒட்டும் பிள்ளைகளுக்கு இந்த அவதி விளங்காது. ஜெனரேற்றர் பிடித்து வாடகைக் கசெற்றில் படம் பார்த்த தலைமுறையைக் கேளுங்கோ, சொல்லுவினம். நாடாவின் நடுவே ஒன்றைச் செருகி நீளம் மாறினால், அதற்குப் பின்னுள்ள அத்தனையையும் மறுபடி பதியவேண்டும். பிறகு கசெற்றை ஆள் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஜேனின் உதவியாளராக வரும் நடிகை ஜோன் கியூசக் ஓடுகிறார், திறந்துகிடக்கும் லாச்சிக்குக் கீழால் சறுக்கி! நிமிடம், தூரம், தடை மூன்றையும் முதலே காட்டியதால்தான் அந்த ஓட்டத்துக்குச் சிரிக்கிறோம்.

லிபியாச் செய்தியன்று, நிருபரான ஆரன் வீட்டிலிருந்து தொலைபேசியில் விவரம் சொல்ல, ஜேன் அதைச் செய்தி வாசிக்கும் ரொம்மின் காதுக்கருவிக்குள் போட, அவன் வாயால் அது நாட்டுக்குப் போகிறது. இது லேசான வேலையில்லை. காதுக்குள் நீளமாகச் சொன்னால் வாசிப்பவர் திக்கக்கூடும். சுருக்கமாகத்தான் கொடுக்கவேண்டும்.

படத்தின் உயிர் வேறிடத்தில். ஒரு பெண்ணைப் பேட்டி காணும் ரொம் கண்கலங்குகிறான், ஜேன் இளகிப்போகிறாள். கடைசியில் ஆரன் சொல்கிறான், அங்கே போனது ஒரே கமெராவென்று. ஒற்றைக் கமெராவில் முதலில் பதில் சொல்பவரின் முகத்தை எடுப்பார்கள். பேட்டி முடிந்தபின் கமெராவைத் திருப்பி, கேட்டவர் தலையாட்டுவதை எடுப்பார்கள். இங்கேயும் அதுதான் வழமை. இருவருக்கும் இடையிலான கற்பனைக் கோட்டைக் கமெரா தாண்டக்கூடாது. தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல இருக்கும். தலையாட்டுவதைப் பிறகு எடுப்பது வரைக்கும் ஜேனுக்குக் குறையில்லை. கண்ணீரையும் பிறகு எடுத்தால்?

வெட்டாத நாடாவைப் போட்டுப் பார்க்கிறாள். கண்ணீரும் பிறகு எடுத்ததுதான். காதலைக் குலைக்க இன்னொருத்தி வரவேண்டியிருக்கவில்லை. விமான நிலையத்தில் அவனைப் பிடித்து அவள் கேட்பது இந்தக் கமெராக் கணக்கைத்தான்.