பிரசங்கம் கேட்டு வளர்ந்த காது

நடுவர் அவர்களே, வணக்கம். தொற்றுநோய்ச் செய்தி எழுதும், தன்பாலீர்ப்பாளர் போன்ற பால்புதுமைச் செய்தியாளருக்கு அவர் வளர்ந்த மதம் சுமையா, துணையா என்பது தலைப்பு. “குற்றவுணர்வில் நடுங்குகிற கை எப்படி உண்மையை எழுதும்?” என்று எதிரணிச் சகோதரி கேட்டார். அரங்கம் தட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அந்த வாதம் நிற்காது.

1981 ஜூன் 5. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை சொன்னது. ஐவரும் தன்பாலீர்ப்பாளர்கள். பிறகு எய்ட்ஸ் என்று பெயர்பெற்ற நோயின் முதல் பதிவு அது. கிருமி எது என்று தெரிவதற்குள்ளேயே ‘கடவுளின் தண்டனை’ என்று தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு. சரி, அவர்கள் பிரசங்கிகள். செய்தி அறை என்ன செய்தது?

ராண்டி ஷில்ட்ஸ், சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் செய்தியாளர். தன்பாலீர்ப்பை மறைக்காதவர், எய்ட்ஸ் செய்தியை விடாமல் துரத்தியவர், 1994-இல் அதே நோயில் இறந்தவர். அவருடைய 1987-ஆம் ஆண்டு நூலிலிருந்துதான் ஒரு விமானப் பணியாளர் ‘நோயாளி பூஜ்யம்’, அதாவது நோயைக் கொண்டுவந்த முதல் ஆள் என்று உலகத்துக்கே வில்லனானார். நோயைக் கொண்டுவந்தவர் அவரல்ல, 1970 வாக்கிலேயே கிருமி நியூயார்க்கில் இருந்தது என்று 2016-இல் மரபணு ஆய்வு காட்டியது. பார்த்தீர்களா, பாவியைத் தேடும் புத்திக்கு வேதப்புத்தகம் தேவைப்படவில்லை! அந்தப் புத்தியை முதலில் மோப்பம் பிடிப்பவர், முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டே வளர்ந்தவர்தான்.

பதிலும் அவர் கையிலேயே இருக்கிறது. பைபிளில், உடம்பெல்லாம் கொடிய பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம், நீ பாவம் செய்திருப்பாய் என்றுதான் நண்பர்கள் வாதாடினார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அந்த நண்பர்கள்மேல். ஞாயிறுப் பள்ளியில் படித்தவருக்கு இது தெரியும்.

2022-இல் குரங்கம்மை பல நாடுகளில் பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள். அதை மறைத்து எழுதினால் தடுப்பூசி யாருக்கு முதலில் போகவேண்டுமோ அவர்களுக்குப் போகாது. ‘அவர்கள் நோய்’ என்று எழுதினால் வெட்கத்தில் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். நெருக்கமான தோல்தொடர்பில் பரவுகிறது, இப்போது இந்த வட்டத்தில் அதிகம் என்று எழுதவேண்டும். ஒரு சொல் பிசகினால் அது பிரசங்கமாகிவிடும் என்று அந்தக் கைக்குத் தெரியும். சகோதரி சொன்ன நடுக்கம் அதுதான் என்றால், நடுங்கட்டும்!

வளர்ந்த மதத்தோடு உள்ளுக்குள் சமரசம் முடிந்ததா என்கிறார்கள். பலருக்கு முடிவதே இல்லை. அதற்காக நாளிதழ் காத்திருக்குமா?

எதிரணிக்கு ஒரு கேள்வி. மகனைப் பறிகொடுத்த தாய், “நாங்க என்ன பாவம் செஞ்சோமோ” என்கிறாள். மூடநம்பிக்கை என்று ஒருவர் குறிப்பேட்டை மூடிவிடலாம். அந்த வீட்டைப் போன்ற வீட்டில் வளர்ந்தவரோ, “அடக்கத்துக்கு போதகர் வந்தாராம்மா?” என்று கேட்பார். உண்மையான செய்தி எந்தக் கேள்விக்குக் கிடைக்கும்? பதில் சொல்லுங்கள்.