பத்து வைக்கும் மீதி

எல்லோருக்கும் வணக்கம்.

கணக்கைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் ஒருவர் நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்தியதைப் பார்த்தேன். பரவாயில்லை, உட்காருங்கள். இன்றைக்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வகுபடும் தன்மை விதிகள்தான் பொருள்.

நான் வாத்தியாராக இருந்தபோது ஒரு பையன் தேர்வுத்தாளில் இப்படி எழுதியிருந்தான்: '23 என்ற எண் 3இல் முடிகிறது. ஆகவே அது 3ஆல் வகுபடும்.' சிவப்பு மையில் தவறு என்று போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். அவன் விடவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "சார், 2க்குக் கடைசி இலக்கத்தைப் பார்க்கச் சொன்னீங்க. 5க்கும் அதையே சொன்னீங்க. 3க்கு மட்டும் ஏன் எல்லாத்தையும் கூட்டணும்?"

"விதி அப்படி, போய் உட்கார்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. அவனுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

347 குச்சிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு நூறாகக் கட்டியவை மூன்று கட்டு, பத்துப் பத்தாகக் கட்டியவை நான்கு கட்டு, உதிரி ஏழு. 347 என்று எழுதுவதற்கு அதுதான் பொருள். இதை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். பத்துக் குச்சிக் கட்டு எதுவானாலும் இரண்டு பேருக்கு மிச்சமில்லாமல் பிரியும், நூறும் அப்படியே. தகராறு வந்தால் உதிரியில்தான் வரும். ஆகவே கடைசி இலக்கத்தை மட்டும் பார்க்கிறோம். ஐந்து பேர் என்றாலும் இதே கதைதான். நான்கு பேர் என்றால் பத்து சரியாகப் பிரியாது, ஆனால் நூறு பிரிந்துவிடும். அதனால் கடைசி இரண்டு இலக்கம். எட்டுப் பேர் என்றால் ஆயிரம்தான் மிச்சமில்லாமல் பிரியும், எனவே கடைசி மூன்று.

இப்போது மூன்று பேர். ஒரு பத்துக் கட்டை அவிழ்த்து ஆளுக்கு மூன்று கொடுத்தால் ஒரு குச்சி மிஞ்சும். நூறு குச்சிக் கட்டில் 99ஐப் பங்கு போட்டுவிடலாம், அங்கேயும் ஒன்றுதான் மிஞ்சும். ஆயிரத்தில் 999 போக ஒன்று. கட்டு எவ்வளவு பெரிதானாலும் மிஞ்சுவது ஒரே ஒரு குச்சி! ஆக, மூன்று நூறுகளிலிருந்து மூன்று குச்சி, நான்கு பத்துகளிலிருந்து நான்கு, உதிரி ஏழு. மொத்தம் பதினான்கு. 3 + 4 + 7 என்று கூட்டுகிறோமே, அந்தக் கூடுதல் வேறொன்றுமில்லை, பங்கு போட்டபின் தரையில் கிடக்கும் குச்சிகள்தான். பதினான்கை மூன்று பேருக்குப் பிரித்தால் இரண்டு மிஞ்சும். 347ஐ 3ஆல் வகுத்துப் பாருங்கள், ஈவு 115, மீதி 2.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாடத்தில் 'வகுபடுமா, படாதா' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் இலக்கங்களின் கூடுதல் மீதியையே கையில் கொடுத்துவிடுகிறது. 9க்கும் அப்படியே, ஏனென்றால் பத்தை 9ஆல் வகுத்தாலும் மீதி ஒன்று. பதினான்கில் ஒன்பது போனால் ஐந்து. 347 = 9 × 38 + 5.

நம் பழைய தமிழ் எண்களில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அந்த முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. 347ஐ ௩௱௪௰௭ என்று எழுதினார்கள். மூன்று நூறு, நான்கு பத்து, ஏழு. வாயால் சொல்வதுபோலவே எழுத்து. ஒன்பதால் வகுக்கும்போது ௱, ௰ ஒவ்வொன்றும் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் குறிகளை எடுத்துவிட்டு மீதமுள்ள ௩, ௪, ௭ஐக் கூட்டினால் முடிந்தது.

இதிலிருந்து ஒரு வேடிக்கை. ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூடுதல் மாறாது, ஆகவே 9ஆல் வகுத்தால் வரும் மீதியும் மாறாது. அப்படியானால் பழையதற்கும் கலைத்ததற்கும் உள்ள வித்தியாசம் கண்டிப்பாக 9இன் மடங்கு. கணக்கு எழுதுபவர்களுக்கு இது நல்ல துப்பு. இரண்டு மொத்தங்களும் ஒத்துவராமல் வித்தியாசம் 360 என்று வந்தால், அது 9இன் மடங்கு என்பதால், எங்கேயோ 5732 என்பதை 5372 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று முதலில் அதைத் தேடுவார்கள்.

மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949இல் கண்டது இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 3524 என்று வைப்போம். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். 5432 − 2345 = 3087. மறுபடியும், 8730 − 0378 = 8352. மறுபடியும், 8532 − 2358 = 6174. இனி 7641 − 1467 போட்டால் திரும்பவும் 6174, அதைத் தாண்டிப் போகாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கே வந்து நிற்கும். வழியில் வந்த ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். 3087, 8352, 6174 மூன்றுக்கும் கூடுதல் 18. எல்லாம் 9இன் மடங்குகள். ஏன் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். ஏன் குறிப்பாக 6174 என்பதற்கு இந்தக் குச்சிக் கட்டு போதாது, அது வேறு கதை.

தன் இலக்கங்களின் கூடுதலால் வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள், மகிழ்ச்சி தருபவை, என்று பெயர் வைத்தவரும் அவரே. ராமானுஜனின் 1729 அதில் ஒன்று. 1 + 7 + 2 + 9 = 19. 1729 = 19 × 91. பத்தொன்பதையும் அதைத் திருப்பிப் போட்டதையும் பெருக்கினால் 1729! இதற்கு ஆழமான காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் சொன்னேன்.

சரி, பெருக்கலைச் சரிபார்க்க ஒன்பதைப் பயன்படுத்தும் பழைய வழக்கத்துக்கு வருவோம். 47 × 86 = 4042. 47க்கு இலக்கங்களின் கூடுதல் 11, அதையும் கூட்டினால் 2. 86க்கு 14, அதற்கு 5. இரண்டையும் பெருக்கினால் 10, அதாவது 1. விடையான 4042க்கும் 10, அதாவது 1. பொருந்துகிறது. ஆனால் அவசரத்தில் விடையை 4402 என்று எழுதியிருந்தால்? அதற்கும் 1தான். ஒன்பது அதைப் பிடிக்காது. இலக்கம் இடம் மாறினால் கூடுதல் மாறாது என்று இப்போதுதானே பார்த்தோம்! கணக்கருக்குத் துப்பு கொடுத்த அதே குணம் இங்கே கண்ணைக் கட்டிவிடுகிறது.

இங்கேதான் 11 வருகிறது. பதினொரு பேருக்குப் பத்துக் கட்டைப் பிரித்தால் ஒரு குச்சி குறைகிறது. நூறில் 99 போக ஒன்று மிஞ்சுகிறது. ஆயிரத்துக்கு 1001 வேண்டும், மறுபடி ஒன்று குறைகிறது. ஓர் இடத்தில் மிச்சம், அடுத்த இடத்தில் கடன், இப்படி மாறி மாறி வரும். அதனால்தான் வலப்பக்கத்திலிருந்து கூட்டி, கழித்து, கூட்டி, கழித்துப் போகிறோம். 4042க்கு 2 − 4 + 0 − 4 = −6, பதினொன்றைச் சேர்த்தால் 5. 4402க்கு 2 − 0 + 4 − 4 = 2. 47க்கு 7 − 4 = 3. 86க்கு 6 − 8 = −2, அதாவது 9. 3 × 9 = 27, அதில் 22 போக 5. ஆக 4042 சரி, 4402 தவறு. இடம் முக்கியம் என்பதால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறினால் பதினொன்று பிடித்துவிடுகிறது.

புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண் 2007க்கு முன்பு பத்து இலக்கமாக இருந்தது. இலக்கங்களை முறையே 10, 9, 8 என்று 1 வரைக்கும் பெருக்கிக் கூட்டினால் 11இன் மடங்கு வர வேண்டும். அப்படி வரும்படி கடைசி இலக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சில சமயம் அந்தக் கடைசி இலக்கம் 10 ஆகிவிடும், அதற்கு ஒரே கட்டம்தான் உண்டு என்பதால் எக்ஸ் என்று போட்டார்கள். பழைய புத்தகத்தில் அந்த எக்ஸைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். இப்போதைய பதின்மூன்று இலக்க எண்ணில் 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, 10ஆல் வகுபடுகிறதா என்று பார்க்கிறார்கள். எக்ஸ் தொல்லை போயிற்று, ஆனால் காவல் கொஞ்சம் தளர்ந்தது. 1ம் 6ம் போல ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் பக்கத்தில் இருந்து இடம் மாறினால், இந்தச் சோதனை அதை விட்டுவிடும்.

6க்கு 2ஐயும் 3ஐயும் தனித்தனியாகப் பார்த்தால் போதும். அதை நம்பி, 8க்கு 2ஐயும் 4ஐயும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 12 அங்கே கவிழ்த்துவிடும், அது 2ஆலும் 4ஆலும் வகுபடும், 8ஆல் வகுபடாது.

கடைசியாக ஏழு. ஏழுக்கு விதி இல்லை என்று பலர் சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் சுகமான விதி இல்லை. பத்து, நூறு, ஆயிரம் என்று போனால் ஏழுக்கு வரும் மீதிகள் 3, 2, 6, 4, 5, அப்புறம் 1, பிறகு மறுபடியும் 3. ஆகவே 347க்கு 7, நான்கு மூன்று பன்னிரண்டு, மூன்று இரண்டு ஆறு, மொத்தம் 25. அதில் 21 போக 4. எந்த வகுத்தியானாலும் இப்படி மீதிகளின் வரிசையை எழுதி வைத்துக்கொண்டு பெருக்கிக் கூட்டலாம் என்று பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் ஒரு சிறு கட்டுரையில் காட்டியிருக்கிறார். அவர் இறந்தபின் 1665இல் அது அச்சானது. கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழிக்கும் வழியும் ஒன்று உண்டு. 1743 என்றால் 174 − 6 = 168, பிறகு 16 − 16 = 0, ஆக வகுபடும். ஆனால் அந்த வழி மீதியைச் சொல்லாது, ஆம், இல்லை மட்டும்தான். உண்மையைச் சொன்னால், இதற்கு ஆகும் நேரத்தில் நான் நேராக வகுத்துவிடுவேன்.

ஏன் ஏழு மட்டும் இப்படி முரண்டு பிடிக்கிறது? ஏழின் மேல் பழி போடுவது நியாயமில்லை. நாம் பத்துப் பத்தாகக் கட்டுகிறோம், அவ்வளவுதான் விஷயம். கையில் எட்டு விரல் மட்டும் இருந்து, எட்டு எட்டாகக் கட்டியிருந்தால்? எட்டை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. ஏழுக்கு இலக்கங்களைக் கூட்டினாலே போதும், ஒன்பதின் நாற்காலியில் ஏழு உட்கார்ந்திருக்கும். ஒன்பது பதினொன்றின் இடத்துக்குப் போய், கூட்டிக் கழிக்கும் விதியைப் பெற்றிருக்கும். ஐந்தின் பாடுதான் திண்டாட்டம். எட்டடிமானத்தில் ஐந்தின் மடங்குகளை எழுதினால் 5, 12, 17, 24, 31, 36, 43, 50 என்று வரும். கடைசி இலக்கத்தில் 0 முதல் 7 வரை எல்லாமே வந்துவிடுகின்றன. அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த உலகத்து வகுப்பறையில் அந்தப் பையன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சார், 5க்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டிருப்பான்.