கோலிக்குண்டில் போன பதவி

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க அரசியல் என்றாலே ராணுவப் புரட்சிதானே என்று பலரும் கேட்பார்கள். மாலி, கினி, பர்க்கினா ஃபாசோ, நைஜர், காபோன் என்று 2020க்குப் பிறகு வரிசையாக நடந்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நான் இன்று ஒரு கோலிக்குண்டிலிருந்து தொடங்கப் போகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு குட்டி நாடு. ஓர் ஆறு, அதன் இரு கரை, அவ்வளவுதான் நாடு. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் செனகல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டும் என்று 1960களில் அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். வாக்காளர் கையில் ஒரு கண்ணாடிக் கோலியைக் கொடுத்துவிடுவார்கள். மறைப்புக்குள் போனால் வேட்பாளருக்கு ஒரு வண்ணமாகத் தகர டிரம்கள் நிற்கும். பிடித்தவருடைய டிரம்மில், மேலே இருக்கும் குழாய் வழியாகக் கோலியைப் போட வேண்டும். விழும்போது உள்ளே ஒரு மணி ‘டிங்’ என்று அடிக்கும். வெளியே அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு ‘டிங்’ கேட்டால் கள்ள ஓட்டு! அதனால்தான் தேர்தலன்று வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிளுக்குத் தடை. சைக்கிள் மணி அடித்தால் கணக்கு குழம்பிவிடுமாம். அப்புறம் எண்ணிக்கை. வரிசையாகக் குழி போட்ட தட்டில் கோலிகளைப் பரப்புவார்கள். எத்தனை தட்டு நிறைந்தது என்று பார்த்தால் வேலை முடிந்தது.

இந்தக் கோலிதான் யாஹ்யா ஜாமேயைக் கவிழ்த்தது. 1994இல் 29 வயது லெப்டினன்டாக ஆட்சியைப் பிடித்தவர் அவர். எய்ட்ஸை மூலிகையால் குணப்படுத்துவதாகச் சொன்னார். இறைவன் நாடினால் நூறு கோடி ஆண்டு ஆள்வேன் என்று பேட்டியே கொடுத்தார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அவரை எதிர்த்தவர்கள் சிறையில் கிடந்தார்கள், சிலர் வீடு திரும்பவே இல்லை. 2016 டிசம்பர் 1 தேர்தலில் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி அடாமா பாரோவை நிறுத்தின. ஒரு காலத்தில் லண்டன் கடை ஒன்றில் காவலாளியாக இருந்தவர் பாரோ. அந்த முறை கோலிகளை அந்தந்த வாக்குச்சாவடியிலேயே, கட்சி முகவர்கள் கண்ணெதிரே எண்ணினார்கள். யார் வென்றார் என்பது தலைநகருக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எதை மறைக்க முடியும்?

ஜாமே முதலில் தொலைபேசியில் வாழ்த்தினார். ஒரு வாரத்தில், தேர்தலே செல்லாது என்றார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே வழக்கைக் கேட்கப் போதிய நீதிபதிகள் இல்லை. நியமிக்காமல் விட்டதும் அவர் ஆட்சிதான்! எக்கோவாஸ் என்னும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு சமரசம் பேசிப் பார்த்தது, முடியவில்லை. 2017 ஜனவரி 19 அன்று செனகல் தலைநகர் டாக்கரில், காம்பியத் தூதரகத்தில் வைத்து பாரோ பதவியேற்றார். அன்றே கூட்டமைப்பின் படை எல்லையைத் தாண்டியது. காம்பிய ராணுவத் தளபதியோ, இந்தச் சண்டைக்கு என் வீரர்களை அனுப்பமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நாளில் ஜாமே விமானம் ஏறினார். அவருடைய சொகுசுக் கார்கள் தனியாகச் சரக்கு விமானத்தில் போயின.

சரி, அவரைப் பேசி இறக்கியவர்கள் யார் தெரியுமா? அன்று கினியின் அதிபராக இருந்த ஆல்ஃபா கொண்டேயும் மௌரித்தேனியாவின் அதிபராக இருந்த அப்தெல் அஸீஸும். அஸீஸ் 2008இல் தாமே ராணுவப் புரட்சி நடத்தி வந்தவர். கொண்டே பிறகு அரசியல் சட்டத்தை மாற்றி மூன்றாவது முறையும் அமர்ந்தார். 2021இல் அவருடைய படையே அவரைத் தூக்கியது.

நான் எங்கே பேசினாலும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். நாட்டுத் தலைவருக்கு இரண்டே தவணை என்று எக்கோவாஸின் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விதி வைக்கலாம் என 2015இல் கானா தலைநகர் அக்ராவில் நடந்த அதன் மாநாட்டில் பேச்சு வந்தது. காம்பியாவும் டோகோவும் எதிர்த்தன. அத்தோடு கைவிட்டார்கள். சிப்பாய் அரண்மனைக்குள் புகுந்தால் தடை, கெடு, படை என்கிறார்கள். உள்ளே இருப்பவர் சட்டத்தைத் திருத்தி உட்கார்ந்தே இருந்தால் கண்டுகொள்வதில்லை. இரண்டையும் ஒரே தவறாகப் பார்க்காதவரை ஊர்ச் சனங்கள் எப்படி நம்புவார்கள்? பாரோவையே பாருங்கள். மூன்றே ஆண்டு இருப்பேன் என்று வந்தவர், முழுத் தவணையும் இருந்து 2021இல் மறுபடியும் வென்றார். தவணை வரம்பு வைத்த புதிய அரசியல் சட்ட வரைவு 2020இல் நாடாளுமன்றத்தில் தோற்றுப்போனது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நைஜருக்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன், கோலி தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜூலையில் அதிபர் பஸூமை அவருடைய காவற்படைத் தலைவரே சிறைபிடித்தார். கூட்டமைப்பு ஒரு வாரக் கெடு விதித்தது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. கெடு முடிந்தது, படை போகவில்லை. நைஜரை அடித்தால் எங்களை அடித்த மாதிரி என்று மாலியும் பர்க்கினா ஃபாசோவும் நின்றன. 2025 ஜனவரியில் மூன்றும் கூட்டமைப்பைவிட்டே வெளியேறிவிட்டன. காம்பியாவில் எண்ணி முடித்த கோலி இருந்தது, சண்டைக்கு மறுத்த ராணுவம் இருந்தது. நைஜரிலோ ஆட்சியைப் பிடித்ததே ராணுவம்தான்.

லைபீரியா, சியரா லியோன் போர்களில் இதே கூட்டமைப்பின் படை என்ன செய்தது என்பதையும் குறித்து வைத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.