முற்றத்துக் கல்லும் பாசியும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திய ஆளைக் கூப்பிட்டு, பாசியைப் பற்றிப் பேசுங்கள் என்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி, கையை ஊன்றி, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தவர்களுக்கு வராது. என் அம்மா அப்படி இருந்தாள்.

எங்கள் வீடு நாகர்கோவிலுக்குப் பக்கம். குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு. ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. முதல் மழையில் பிடித்த பாசி காய்ந்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதிலும் வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் நின்றால் கேட்கவே வேண்டாம், முற்றத்தில் வெயில் விழுவதே அபூர்வம்.

பச்சையாக இருப்பதை மட்டும்தான் நாம் பாசி என்கிறோம். கல்லில் கருப்பாகத் திட்டுத் திட்டாக, யாரோ பழைய எண்ணெயைக் கொட்டியதுபோல் இருக்கிறதே, அதை அழுக்கு என்று நினைத்து சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்போம். பெரும்பாலும் அதுவும் உயிர்தான். நீலப்பச்சைப் பாசி என்று பெயர். வெயிலில் கருகாமல் இருக்கத் தன்னைச் சுற்றிக் கருநிறச் சாயம் பூசிக்கொள்ளும் ஜாதி. அதற்கு மேல் கொழகொழவென்று ஒரு உறை. நம் காலை வாரிவிடுவது அந்த உறைதான். சித்திரை வெயிலில் அப்பளம்போல் காய்ந்து உரியும், செத்தது என்று நினைப்போம். ஒரு மழை பெய்யட்டும், ஊறி எழுந்து உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, மதில் சுவரில் காவி அடித்ததுபோல் படருமே, அதுவும் பாசி இனம். 2001இல் கேரளத்தில் சிவப்பு மழை பெய்தது சிலருக்கு நினைவிருக்கும். ஆராய்ந்தவர்கள், இந்த வகைப் பாசியின் வித்துகள்தான் அந்த நிறம் என்று சொன்னார்கள். சரி, மழையை விட்டுவிட்டு முற்றத்துக்கு வருவோம்.

அம்மா விழுந்த வருடம் எனக்கு ஆத்திரம். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டில் இரண்டு பாட்டில் வாங்கி வந்து, கிணற்றடியில் போட்டிருந்த கடப்பாக் கல்லில் ஊற்றினேன். புஸ்ஸென்று நுரை. அழுக்கு எப்படிக் கிளம்புகிறது பார் என்று எனக்குப் பெருமை. திண்ணையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்: "மக்களே, பாசி எங்கயாவது நுரைக்குமா? கல்லுல்லா பொங்குது."

கல்தான் பொங்கியது. கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் இனம். சுண்ணாம்புக்கல்லில் அமிலம் ஊற்றினால் கல் கரையும், கரியமில வாயு நுரைத்து வரும். வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே செய்து காட்டி, கைதட்டல் வாங்கிய சோதனை. வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டது. கழுவிப் பார்த்தால் கருகருவென்று இருந்த கல் சாம்பல் நிறத்தில், தொட்டால் சொரசொரவென்று இருந்தது. சொரசொரப்பு நல்லதுதானே, வழுக்காதே என்று தேற்றிக்கொண்டேன். அடுத்த ஐப்பசியில் அந்தச் சொரசொரப்பில் தண்ணீர் தங்கி, பாசி முன்னைவிட அடர்த்தியாகப் பிடித்தது.

அதனால்தான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: முற்றத்துக்கு ஆசிட் வேண்டாம். இன்டர்லாக் கல்லும் சிமென்ட்தான், அதையும் அரிக்கும். சந்தேகமிருந்தால் ஒரு ஓரத்தில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். வெளிறிய தழும்பு விழுந்தால் அது ஆசிட் தாங்காத கல். சமையல் மேடையில் கடப்பாக் கல் போட்டவர்களுக்கு இந்தத் தழும்பு நன்றாகத் தெரியும்.

பிறகு எதைப் போடுவது? முதலில் எதையும் போடாதீர்கள். மழை விட்டு இரண்டு நாள் காயட்டும். தட்டையான கரண்டியால் சுரண்டி, ஈர்க்கு வாரியலால் பெருக்கி எடுத்தால் பாதி போய்விடும். அப்புறம் பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது கிராம், பிளாஸ்டிக் வாளியில் கலக்கித் தெளிய வைத்து, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். காலையிலேயே செய்துவிடுங்கள், உச்சி வெயிலில் ஊற்றினால் வேலை செய்வதற்குள் காய்ந்துபோகும். இருபது நிமிடம் ஊறட்டும். பிறகு கதம்பையால், அதாவது தேங்காய் மட்டையால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் துளசி மூட்டுக்கோ மீன் தொட்டிக்கோ போகக் கூடாது. திறந்தால் நெடியே அடிக்காத பழைய பொட்டலத்தில் வீரியம் இருக்காது, அதை நம்பிக் கையை வலிக்க வைக்காதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை இரண்டு தடவை சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்துப் போர்முனையில் ஜெர்மன் படை சிலிண்டர்களிலிருந்து திறந்துவிட்டதும் அதே வாயுதான். நேற்று ஆசிட் ஊற்றிய தரையில் இன்று பிளீச்சிங் போடுவதும் அதே வம்பு. சேர்க்கக் கூடாது.

இவ்வளவு தேய்த்தாலும், தண்ணீர் நின்றால் பாசி திரும்பி வரும். எங்கள் கிணற்றடியில் கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டு, கல்லைப் பெயர்த்து, தண்ணீர் வடிந்து ஓடப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம், அதாவது சரிவு கொடுத்து மறுபடி பதித்தோம். பலாவில் தாழ்ந்த இரண்டு கிளையை வெட்டினோம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை தேய்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. வாட்டத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்து வந்தேன், ஆசிட் கதையில் நேரம் போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது போல.

தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் முனையைக் கல்லுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், இடுக்கிலுள்ள மணல் எல்லாம் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் கல் ஆடும் முன் திரும்ப நிரப்புங்கள். ஈர மணல் உள்ளே இறங்காது, காய்ந்த மணலாகப் பார்த்துத் தூவிக் கூட்டிவிடுங்கள். வணக்கம்.