வந்த படை விருந்தாளியா, அதிகாரியா?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாட்டில் வேற்று நாட்டுப் படை வந்து நிற்கிறது. அது ஆக்கிரமிப்பா, இல்லையா? பல வருஷமாக நான் சுமந்துகொண்டு திரியும் கேள்வி இது.

முதலில் நம் சொல்லிலேயே ஒரு வம்பு இருக்கிறது. அடுத்தவர் இடத்தை வளைத்துப் போட்டாலும் ஆக்கிரமிப்பு, நாட்டின் மேல் படையெடுத்தாலும் ஆக்கிரமிப்பு, பிடித்த நாட்டில் உட்கார்ந்து ஆள்வதும் ஆக்கிரமிப்பு. அதனால் சொல்லைக் கேட்டதுமே திட்டுவது போலத் தோன்றுகிறது. இன்று நான் பேசுவது கடைசியாகச் சொன்னதைப் பற்றி மட்டும்: உட்கார்ந்து ஆள்வது.

1940 மே 10. ஐஸ்லாந்து அப்போது நடுநிலை நாடு. விடிவதற்குள் பிரிட்டிஷ் படை தலைநகர் ரெய்க்யவிக்கின் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. அழைப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. விமானச் சத்தத்தில் விழித்துக்கொண்ட ஜனங்கள் கரையில் கூடிவிட்டார்கள். கப்பலிலிருந்து இறங்க இடமில்லை. பிரிட்டிஷ் துணைத் தூதர் என்ன செய்தார் தெரியுமா? அங்கே நின்ற ஐஸ்லாந்து போலீஸ்காரரிடம் போய், "கூட்டத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கச் சொல்ல முடியுமா? வீரர்கள் இறங்க வேண்டும்" என்று கேட்டார். போலீஸ்காரரும் "தாராளமாக" என்று சொல்லி விலக்கிவிட்டார்! நாட்டைப் பிடிக்க வந்தவனுக்கு வழிவிட்டது அந்த நாட்டுப் போலீஸ். கரையில் ஒருவர் ஒரு சிப்பாயின் துப்பாக்கியைப் பறித்து, குழாய்க்குள் சிகரெட்டைச் செருகி, "பத்திரமாக வைத்துக்கொள்" என்று திருப்பிக் கொடுத்தாராம். இந்தக் கதையை எங்கே பேசப் போனாலும் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஐஸ்லாந்து அரசு முறைப்படி கண்டனம் தெரிவித்தது. மாலையில் பிரதமர் வானொலியில் பேசினார், இதோ நான் பேசுவது போலத்தான். வந்த வீரர்களை விருந்தாளிகளாக நடத்துங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மறு வருஷம் ஜூலையில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அமெரிக்கப் படை வந்தது. அதே துறைமுகம், அதே மாதிரிச் சீருடைக்காரர்கள். மாறியது ஒரு காகிதம்தான். ஆனால் ஐஸ்லாந்துக்காரர்கள் மே 10ஐத்தான் ஆக்கிரமிப்பு என்கிறார்கள்.

அப்படியானால் அழைப்பு இருந்தால் சரி, இல்லாவிட்டால் தவறு, அவ்வளவுதானா? இல்லை. போர் பற்றிய சர்வதேசச் சட்டமான 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளில் 42ஆவது பிரிவு கேட்பது வேறு. அந்த நிலப்பகுதி உண்மையிலேயே எதிரிப் படையின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டதா என்பதைத்தான் அது பார்க்கிறது. எத்தனை சிப்பாய்கள் என்று எண்ணுவதில்லை. சண்டை நடந்ததா என்பதும் கணக்கில்லை. எதிர்ப்பே இல்லாமல் பிடித்தாலும் அது ஆக்கிரமிப்புதான் என்று 1949ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கை சொல்கிறது. அங்கே யார் போட்ட உத்தரவு நடக்கிறது? கேள்வி அதுதான். திரும்பவும் சொல்கிறேன்: யார் உத்தரவு நடக்கிறது?

காங்கோவைப் பாருங்கள். உகாண்டாப் படை முதலில் அங்கே காங்கோ அரசின் சம்மதத்தோடுதான் இருந்தது. 1998இல் சம்மதம் போய்விட்டது, படை போகவில்லை. இதுரி பகுதியில் உகாண்டாத் தளபதி ஒருவர் புது மாகாணம் ஒன்றை அறிவித்து, அதற்கு ஆளுநரையும் நியமித்தார். 2005இல் சர்வதேச நீதிமன்றம் இதைப் பிடித்துக்கொண்டது: இதுரியில் உகாண்டா ஆக்கிரமிப்பு அரசுதான். காங்கோவின் வேறு இடங்களிலும் அந்தப் படை இருந்ததே? இருந்தது. அங்கெல்லாம் நிர்வாகத்தைக் கையில் எடுத்ததற்குச் சான்று இல்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. அங்கே படை இருந்தது சட்டவிரோதம், ஆனால் ஆக்கிரமிப்பு என்ற கணக்கில் வராது. இரண்டும் வேறு வேறு என்பது நிறையப் பேருக்குப் பிடிபடுவதில்லை.

இதில் என்ன வந்துவிட்டது, பெயர்தானே என்று சிலர் கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் கடமைகளும் கூடவே ஒட்டிக்கொள்ளும். உணவும் மருந்தும் கிடைக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தவரை அந்த நாட்டுச் சட்டத்தையே மதிக்க வேண்டும். தன் நாட்டு மக்களைக் கொண்டுவந்து குடியேற்றக்கூடாது. அதனால்தான் படை அனுப்பும் அரசுகள் 'பாதுகாப்பு', 'உதவி' என்று என்னென்னவோ பெயர் தேடுகின்றன. வசவு என்று நாம் நினைக்கும் சொல்தான் அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கவசம்.

ஈராக்கில் ஐ.நா. பாதுகாப்பு சபை 2003இல் அந்தப் பெயரை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் கொடுத்தது. 2004 ஜூன் முடிவில் ஆக்கிரமிப்பு முடிகிறது என்று தீர்மானமும் போட்டது. படை என்னவோ அங்கேயேதான் இருந்தது. இதை விரிவாகப் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

சரி, அரை நிமிடம். குவாண்டனாமோ, கியூபாவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளம். 1903இல் அமெரிக்கா கியூபாவிடம் குத்தகைக்கு வாங்கிய இடம். 1934 ஒப்பந்தப்படி, அமெரிக்கா தானாக விட்டுப் போனால் ஒழிய, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் குத்தகை முடியும். வருஷா வருஷம் அமெரிக்கா வாடகைக் காசோலை அனுப்புகிறது, கியூபா அதை மாற்றுவதில்லை. கேட்டால், இது ஆக்கிரமிப்பு என்கிறது. ஒருமுறை கொடுத்த சம்மதம் எத்தனை வருஷம் செல்லும் என்பது இன்னொரு நாள் பேச வேண்டிய பேச்சு. வணக்கம்.